"வடமாநில வாலிபர்கள் கைது": தலைப்பில் ஊர் எதற்கு?

நீலப்பென்சில்

கீழே இருப்பது மாதிரிக்காக நானே எழுதிய தலைப்பு. எந்தப் பத்திரிகையிலிருந்தும் எடுத்ததல்ல; ஆனால் எதைப் புரட்டினாலும் இதன் அண்ணன் தம்பிகள் கிடைப்பார்கள்.

திருப்பூரில் செல்போன் பறிப்பு: வடமாநில வாலிபர்கள் 2 பேர் கைது

பிடிபட்டவர்கள் அவிநாசிக்காரர்கள் என்றால் இதே தலைப்பு "திருப்பூரில் செல்போன் பறிப்பு: 2 பேர் கைது" என்று முடிந்துவிடும். "கொங்கு வாலிபர்கள் கைது" என்று யாரும் போடுவதில்லை.

யாரோ திட்டமிட்டுச் செய்வதல்ல இது. காவல் நிலையத்திலிருந்து வரும் பிரஸ் நோட்டில் பெயர், வயது, தந்தை பெயர், சொந்த ஊர் இருக்கும். ஆளை அடையாளப்படுத்த எழுதியது அது. மாவட்ட நிருபர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்த நோட் விழுகிறது. நிருபர் அதை அப்படியே முதல் பத்தியாக்குகிறார். செய்தியைத் திருத்திப் பக்கத்தில் ஏற்றும் டெஸ்க்கில் இருப்பவர் தலைப்புக்கு ஒரு "பிடி" தேடுகிறார். பறிப்பு தினமும் நடக்கிறது, அதில் பிடி இல்லை. ஊரில் இருக்கிறது. அடையாளத்துக்கு எழுதிய ஒரு வரி மூன்றாவது கையில் காரணம்போல ஆகிவிடுகிறது.

'ஸ்டீரியோடைப்' என்பதே அச்சகத்துச் சொல்தான். கோத்த எழுத்துப் பக்கத்தின் மேல் காகிதக்கூழ் அட்டையை அழுத்தி அச்சு எடுத்து, அதில் ஈயக்கலவையை ஊற்றினால் ஒரே தகடு. பிறகு எழுத்துக் கோக்க வேண்டியதில்லை, தகடு தானே அடித்துத் தள்ளும். மனதில் முன்கூட்டியே வார்த்து வைத்த படங்களுக்கு 1922-இல் அந்தப் பெயரை வைத்த வால்டர் லிப்மனும் பத்திரிகைக்காரர்.

உங்கள் டெஸ்க்கில் இதற்கு எழுதிவைத்த விதி ஏதாவது உண்டா?

எண்கணக்கன்

விதி எழுதும் முன் இந்தத் தகடு ஏன் இவ்வளவு எளிதில் பதிகிறது என்று பார்க்கலாம். 1976-இல் ஹாமில்டன், கிஃபர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். 39 வாக்கியங்கள். 26 வாக்கியங்கள் 'அ' குழுவைப் பற்றி, 13 'ஆ' குழுவைப் பற்றி. 'அ'வில் நல்ல செயல் 18, கெட்டது 8. 'ஆ'வில் நல்லது 9, கெட்டது 4. விகிதம் இரண்டிலும் ஒன்றே. ஆனால் படித்தவர்களிடம் பிறகு கேட்டால், கெட்ட செயல்களில் 'ஆ'வின் பங்கை இருந்ததைவிடக் கூட்டிச் சொன்னார்கள். குழுவும் சின்னது, கெட்ட செயலும் குறைவு. அரிதான இரண்டு சேர்ந்து வரும்போது மனதில் ஒட்டிக்கொள்கிறது. குழுவுக்கு நிஜப் பெயர்கூடக் கிடையாது, முன்பகைக்கு வழியே இல்லை. அப்படியும் இது நடந்தது.

இதில் நம் தலைப்புப் பழக்கத்தைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு கணக்குக்காக, 100 கைதுகளில் 10 பேர் வெளிமாநிலத்தவர் என்று வையுங்கள். 10 தலைப்பில் ஊர் இருக்கும், 90-இல் இருக்காது. வாசகர் கண்ணில் படும் அடையாளம் ஒரே வகை. 90 பேர் 'யாரோ', 10 பேர் 'அவர்கள்'. எந்தத் தலைப்பிலும் பொய் இல்லை, மொத்தமாகச் சேர்ந்தால் பொய்.

இன்னொன்று, 'வடமாநிலம்' என்று ஒரு மாநிலமே கிடையாது. ஒடிசாக்காரரையும் அசாம்காரரையும் ஒரே கட்டில் கட்டுகிறோம். ஒடியா பேசுபவருக்கும் போஜ்புரி பேசுபவருக்கும் இடையில் உள்ள தூரம் டெஸ்க்குக்குத் தெரிவதில்லை.

ஊர்க்குருவி

எல்லாம் சரிங்க, நடந்ததைத்தானே எழுதறாங்க? பிடிபட்டவன் பீகார்னா பீகார்னுதான் போடணும். நீங்க மறைச்சா ஜனங்க வாட்ஸ்அப்ல அதையே பத்து மடங்கு காரம் போட்டுப் படிப்பாங்க. அப்புறம் "பத்திரிகைக்காரன் மறைக்கிறான்"னு நம்பிக்கையும் போயிடும். இது நல்லதா?

நீலப்பென்சில்

ஊர்க்குருவி, நியாயமான கேள்வி. மறைக்கச் சொல்லவில்லை, எந்த இடத்தில் வைப்பது என்பதுதான் பேச்சு.

சொந்த ஊர் மேலே வர வேண்டிய செய்திகள் உண்டு. தப்பியோடியவரை அடையாளம் சொல்லித் தேடும்போது. தனிப்படை வேறு மாநிலம் போய்ப் பிடித்தபோது, அதாவது ஊரே வழக்கின் ஒரு பகுதியாக இருக்கும்போது. அப்புறம், வெளியூர்க்காரர் என்பதாலேயே ஒருவர் தாக்கப்பட்டபோது. கடைசி வகையை நாம் அதிகம் விட்டுவிடுகிறோம். தாக்கியவர் வெளியூர் என்றால் தலைப்பு; தாக்கப்பட்டவர் வெளியூர் என்றால் "தொழிலாளி காயம்".

மற்றவற்றில் ஊர் மூன்றாம் பத்திக்குப் போகட்டும். அங்கேயும் 'வடமாநில' வேண்டாம்; மாவட்டமும் மாநிலமும் எழுதுங்கள். தேடுபவருக்குத் தகவல் கிடைக்கும், தலைப்பு பார்த்துப் போகிறவர் மனதில் தகடு விழாது.

வாட்ஸ்அப் பற்றிச் சொன்னீர்கள். 2023 மார்ச்சில் நடந்தது அதுதான், திசை மட்டும் எதிர். "தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள்" என்று வீடியோக்கள் ஓடின. காவல்துறை விளக்கத்தின்படி ஒரு வீடியோ பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. ஹோலி அந்த ஆண்டு மார்ச் 8. பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர்களால் நிரம்பிய ரயில் நிலையம் "உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள்" என்ற செய்திக்குப் படமானது. அங்கே வார்ப்புக்குள் ஊற்றப்பட்டவர்கள் நாம். பாட்னாவில் இருப்பவர் 'தமிழர்கள்' என்று மொத்தமாக எழுதியபோது நமக்குச் சுட்டது அல்லவா?

படத்தட்டு

தலைப்பைவிடப் படம் மோசம். தலைப்பைத் திருத்த ஒருவராவது இருப்பார். யூடியூப் தம்ப்நெய்லையும் ஃபைல் போட்டோவையும் அநேகமாக ஒரே ஆள், இரண்டு நிமிடத்தில், தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்.

கிட்டத்தில் வைத்து ஒன்றைப் பாருங்கள். செய்தி குறவர் சமூகத்தைப் பற்றியது. படம் தேர்ந்தெடுப்பவர் பத்திரிகையின் பட ஆவணத்தில் 'குறவர்' என்று தேடுகிறார். வந்து விழுவது பாசிமணி, ஊசி விற்கும் நரிக்குறவர் படம். இரண்டும் வெவ்வேறு மக்கள். நரிக்குறவர் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி, வடக்கத்திய மொழிகளோடு உறவுள்ளது. குறவர்கள் இந்த மண்ணின் பழங்குடி மரபினர். அரசுப் பட்டியலிலும் தனித்தனி. நரிக்குறவர் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்ட சட்டத் திருத்தத்துக்கு 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்ற ஒப்புதல் கிடைத்தது. எழுத்துத் தேடல் 'நரிக்' என்பதை விழுங்கிவிட்டு இரண்டையும் ஒன்றாகக் கொட்டுகிறது. அந்தப் படத்தை நகைத் திருட்டுச் செய்தியில் வைத்தால் ஒரே சொடுக்கில் இரண்டு சமூகத்துக்கும் கேடு.

சரிசெய்யும் இடம் ஆவணத்தில் படம் ஏறும் நேரம்தான். படக்குறிப்பில் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, எதற்காக எடுத்தது, எடுக்கப்பட்டவருக்குத் தெரியுமா என்ற ஐந்தும் இருக்க வேண்டும். ஆறாவதாக ஒரு குறி: "குற்றச் செய்திக்கு வேண்டாம்". ஊசிமணி விற்பவர், கட்டட வேலை செய்பவர், பர்தா போட்டவர், திருநங்கை, இப்படி முகம் தெரியும் எல்லாப் பொதுப் படத்துக்கும் இந்தக் குறி தானாக விழ வேண்டும். குற்றச் செய்திக்கு ஆளே வேண்டாம், இடம் போதும்: தெரு, கடை, பேருந்து நிறுத்தம். உடைந்த பூட்டும் கைவிலங்குமாக நூறு வருடம் ஓட்டியாயிற்று, அது அலுப்பு என்றாலும் யார் முகத்தையும் கெடுக்காது.

செயற்கை நுண்ணறிவில் 'திருடன்' படம் செய்து போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பத்துப் படம் வரவழைத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். நிறம், தாடி, சட்டை எல்லாம் யாருடையது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கறுப்புக்கோட்டு

படத்தட்டு தொட்ட இடத்திலேயே தொடர்கிறேன். பிறப்பாலேயே குற்றவாளி என்பது ஒரு காலத்தில் சட்டமாகவே இருந்தது. குற்றப் பழங்குடிகள் சட்டம் 1871-இல் வந்தது, சென்னை மாகாணத்தில் 1911-இல். அந்தச் சட்டத்தின் கைரேகைப் பதிவை எதிர்த்து நின்ற மதுரை மாவட்டப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. 1947-இல் மாகாணத்தில் சட்டம் போனது, 1952 ஆகஸ்ட் 31-இல் நாடு முழுவதும். சட்டம் போய் எழுபது வருடம் தாண்டியும் 'குற்றப்பரம்பரை' என்ற சொல் தலைப்பில் உயிரோடு இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3 அன்று சிறைகளில் சாதிவாரி வேலைப் பிரிப்பை ரத்து செய்த தீர்ப்பில், சீர்மரபினரை (அந்தப் பழைய சட்டத்தின் பட்டியலில் இருந்த சமூகத்தினரை) வழக்கமான குற்றவாளிகளாக நடத்தும் சிறை விதிகளையும் கண்டித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர் ஒரு பத்திரிகையாளர், அவருடைய செய்தியிலிருந்துதான் வழக்கே பிறந்தது. ஊடகம் தகடு வார்க்கவும் செய்யும், உடைக்கவும் செய்யும்.

டெஸ்க்குக்கு ஒரு சொல் திருத்தம். தீர்ப்புக்கு முன் 'குற்றவாளி', 'கொள்ளையன்', 'கொலையாளி' கிடையாது. 'கைதானவர்' என்றால் நீளமும் கிட்டத்தட்ட அதேதான், சட்டமும் சரி.

புகார் செய்ய விரும்பும் வாசகர்களுக்கு. அச்சுப் பத்திரிகை என்றால், பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் பிரஸ் கவுன்சில். ஆனால் நேரே அங்கே போனால் திருப்பி அனுப்புவார்கள். முதலில் ஆசிரியருக்கு எழுத்தில் ஆட்சேபம் அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் அல்லது திருப்தி இல்லாவிட்டால் கவுன்சில். நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வந்த நாளிலிருந்து 2 மாதம், மற்றவற்றுக்கு 4 மாதம். செய்தி வந்த பக்கம், ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகல், இதே விஷயத்தில் நீதிமன்ற வழக்கு நிலுவையில் இல்லை என்ற உறுதிமொழி மூன்றும் இணைக்கவும். மூன்றாவதை மறந்துவிடாதீர்கள். "மனம் புண்பட்டது" என்று இரண்டு பக்கம் எழுதுவதைவிட, கவுன்சிலின் நெறிமுறையில் சாதி, மத, சமூக அடையாளம் பற்றிய பகுதியைச் சுட்டி "இந்த வரி இதற்கு முரண்" என்று நான்கு வரி எழுதினால் வலு அதிகம். கவுன்சில் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் போட அதிகாரம் இல்லை.

தொலைக்காட்சிக்கு 2021-இல் திருத்திய கேபிள் விதிகள். சேனலுக்கு எழுதினால் 24 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும், 15 நாளில் முடிவு. இல்லாவிட்டால் அடுத்த 15 நாளுக்குள் அந்தச் சேனல் சேர்ந்திருக்கும் சுயஒழுங்கு அமைப்புக்கு மேல்முறையீடு. ஒளிபரப்பான தேதி, மணி, நிமிடம் குறித்து வையுங்கள். "போன வாரம் ராத்திரி" என்றால் எதையும் தேட முடியாது. சேனல்கள் பதிவை 90 நாள்தான் வைத்திருக்கக் கடமைப்பட்டவை.

மூணாம்பத்தி

ஊர், சாதி பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். தினமும் மூன்றாம் பக்கத்தில் வருகிற 'கள்ளக்காதல்'?

பிறர் மனைவியோடு உறவு கொள்வதைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டம் 497-ஐ உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 27 அன்று நீக்கிவிட்டது. குற்றமே இல்லாத ஒன்றுக்குக் 'கள்ள' என்ற அடைமொழி, கொலை என்ற குற்றத்தைவிடப் பெரிய எழுத்தில். "கள்ளக்காதலுக்கு இடையூறு: கணவனைத் தீர்த்துக்கட்டிய 2 குழந்தைகளின் தாய்". ஆண் கொன்றால் "2 குழந்தைகளின் தந்தை" என்று ஒரு தலைப்பு காட்டுங்கள் பார்ப்போம்.

"இடம் பத்தலை, சின்னச் சொல் இதுதான்" என்பார்கள். எண்ணிப் பாருங்கள். "கணவர் கொலை: மனைவி உட்பட 2 பேர் கைது". மேலே உள்ளதைவிடச் சின்னது, ஒற்றைப் பத்திக்குள் இரண்டு வரியில் அடங்கும். உறவு விவரம் விசாரணைக்குத் தேவையென்றால் உள்ளே ஒரு வரி.

இதைவிட ஆபத்தானது 'ஒருதலைக் காதல்'. மாதக்கணக்கில் பின்தொடர்ந்து, மறுத்த பெண்ணை வெட்டியவனுக்கு நாம் காதலன் பட்டம் கொடுக்கிறோம். 'ஒருதலைக் காதல் விபரீதம்' என்றால் காதல் இருந்தது, விபரீதம் எங்கிருந்தோ வந்தது என்று ஆகிறது. "தொடர்ந்து தொல்லை கொடுத்தவர் கைது" என்று எழுதினால் பெண் ஏற்கெனவே புகார் கொடுத்தாளா, போலீஸ் என்ன செய்தது என்ற அடுத்த கேள்வி தானாக வரும். காதல் என்று எழுதினால் அந்தக் கேள்வியே எழாது.

பாலின அடையாளச் சொற்களுக்காவது நம்மிடம் அரசிதழ் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற வழக்கின் தொடர்ச்சியாக 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு சொல்பட்டியலை வெளியிட்டது. அதை அச்சடித்து டெஸ்க்கில் ஒட்ட ஐந்து ரூபாய் செலவு.

கரும்பலகை

பள்ளியில் ஊடக வகுப்பு எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வழக்கமாக என்ன செய்கிறோம்? "வடமாநிலத்தவர் என்றால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டுப் பலகையில் எழுதுகிறோம். பத்து நிமிடத்தில் பலகை நிறைய வசவு. பிறகு அதையெல்லாம் தவறு என்று அடிக்கிறோம். பிள்ளைகளுக்கு நினைவில் நிற்பது பலகை, அடித்தது அல்ல. அதுவரை தெரியாதவனும் கற்றுக்கொண்டு போகிறான்.

மாற்று, 40 நிமிட வகுப்புக்கு: ஒரு வாரத்து நாளிதழ்கள், கத்தரிக்கோல், நான்கு பேர் கொண்ட குழுக்கள். குற்றச் செய்தித் தலைப்புகளை மட்டும் வெட்டட்டும், 15 நிமிடம். அடுத்த 10 நிமிடம் அடைமொழிகளை இடம் மாற்றச் சொல்லுங்கள்: 'வடமாநில'வுக்குப் பதில் உங்கள் மாவட்டம், 'தாய்'க்குப் பதில் 'தந்தை', ஒரு மதப் பெயருக்குப் பதில் இன்னொன்று. சத்தமாகப் படிக்கும்போது வகுப்பு சிரிக்கும். சிரிப்பு வந்த தலைப்பில்தான் விஷயம் இருக்கிறது. மீதி நேரம் அதைத் திருத்தி எழுத. எட்டாம் வகுப்புக்குக் கீழே என்றால் கொலைச் செய்திகளை நீங்களே முன்கூட்டி எடுத்துவிடுங்கள்.

இன்னொரு பொறி: "கீழே கிடந்த 50 ஆயிரத்தைப் போலீசில் ஒப்படைத்த வடமாநிலத் தொழிலாளி". நல்ல மனதோடு போடுகிற செய்திதான். ஆனால் நேர்மை செய்தியாகிறது என்றால் எதிர்பார்த்தது வேறு என்றுதானே அர்த்தம்? வாசகர் மனதில் இவர் விதிவிலக்கு ஆகிவிடுவார், விதி அப்படியே இருக்கும். விதியை அசைப்பது சாதாரணச் செய்திகள்: கூலி பாக்கி, பி.எஃப். பிடித்தம், ரேஷன் கார்டு இங்கே செல்லுபடியாகிறதா, கேஸ் விலை. அதில் நம்மூர்க்காரர் இருவரையும் ஒடிசாக்காரர் ஒருவரையும் பெயரோடு, தொழிலோடு பேசவையுங்கள். 1954-இல் உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். முன்முடிவு மாற, இரு குழுக்கள் வெறுமனே பழகினால் போதாது. சம நிலை, பொது இலக்கு, கூட்டு வேலை, மேலிருப்பவர் ஆதரவு நான்கும் வேண்டும். கூலி பாக்கிச் செய்தியில் முதல் மூன்று இருக்கிறது.

அந்த ஒடிசாக்காரர் பேசியதை மொழிபெயர்க்கும்போது நல்ல தமிழில் எழுதுங்கள். 'நம்பள், நிம்பள்' என்று சேட்டுப் பாத்திரத்துக்கு எழுதிச் சிரித்த பழக்கம் இன்னும் பேட்டிகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஊர்க்குருவி

சரி, ஒத்துக்கறேன், பாதி. ஆனா ராத்திரி 11 மணி, டெஸ்க்ல ஒரே ஆள், பக்கம் போகணும். இவ்வளவு யோசிக்க எங்கே நேரம்? மெஷினே பிடிச்சுக் குடுக்கற மாதிரி ஏதாவது வழி இருக்கா?

எண்கணக்கன்

இருக்கு. சொல் பட்டியல் வைத்து எச்சரிக்கை காட்டலாம். தானாக மாற்றுவது மட்டும் வேண்டாம். 'வடமாநில' வந்தால் நீக்கு என்று வைத்தால் "வடமாநிலங்களில் கனமழை" என்ற வானிலைச் செய்தி "ங்களில் கனமழை" என்று போகும். மஞ்சள் நிறம் காட்டட்டும், முடிவு ஆள் எடுக்கட்டும்.

தமிழில் தேடும்போது புள்ளியைக் கவனியுங்கள். 'கள்ளக்காதல்' என்று கொடுத்தால் 'கள்ளக்காதலி', 'கள்ளக்காதலன்', 'கள்ளக்காதலுக்கு' எதுவும் மாட்டாது. ஏனென்றால் இன்றைய கணினி எழுத்துக் குறியீடான யூனிகோடில் 'ல்' என்பது ல, அதன்பின் புள்ளி என்று இரண்டு குறி. புள்ளி இல்லாமல் 'கள்ளக்காதல' என்று கொடுங்கள்; புள்ளி வைத்ததும் மாட்டும், மற்றதும் மாட்டும். 'வடமாநில' ஏற்கெனவே புள்ளி இல்லாமல் முடிவதால் 'வடமாநிலத்தவர்' வரை பிடிக்கும். 'வட மாநில', 'கள்ளக் காதல', 'ஒரு தலைக்' என்று இடைவெளி விட்டு எழுதுவதையும் தனியே சேர்க்கவும். 'குறவ' போட்டால் 'நரிக்குறவ'வும் வரும்; இந்த இடத்தில் அது நல்லதே, இரண்டில் எது என்று ஒரு தடவை பார்ப்பார்கள்.

அச்சுப் பக்கம் இன்னும் பழைய எழுத்துருவில் ஓடுகிறது என்றால் இது எதுவும் வேலை செய்யாது. அங்கே உள்ளே கிடப்பது ரோமன் எழுத்துகள்தான். யூனிகோடுக்கு மாற்றும் கட்டத்தில் எச்சரிக்கையை வையுங்கள்.

பலன் இருக்கிறதா என்று பார்க்க: 30 நாள் அச்சுப் பதிப்பை எடுத்து, ஒவ்வொரு குற்றச் செய்திக்கும் ஊர் தலைப்பிலா, முதல் பத்தியிலா, உள்ளேயா, இல்லையா என்று குறியுங்கள். நூற்றில் இருபதை இன்னொருவர் தனியாகக் குறிக்கட்டும்; நாலைந்துக்கு மேல் ஒத்துப்போகவில்லை என்றால் உங்கள் வரையறை தெளிவில்லை. இணையத் தலைப்பை எண்ணாதீர்கள், அது மதியத்துக்குள் மூன்று முறை மாறும்.

படத்தட்டு

இணையம் என்றதும் ஒன்று. தலைப்பைத் திருத்தியதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். செய்தியின் இணைய முகவரியில் பழைய சொற்கள் அப்படியே நிற்கும். பகிரும்போது வரும் அட்டைக்குத் தலைப்பும் படமும் தனிப் புலத்தில் இருக்கும், அதையும் மாற்ற வேண்டும். ஃபேஸ்புக்கில் பழைய அட்டையைப் புதுப்பிக்கச் சொல்ல அவர்களுடைய கருவி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே போனது போனதுதான். கடைசியில் டேக் பக்கம்: 'வடமாநிலத்தவர்' என்று ஒரு டேக் வைத்து, அதன் கீழ் கைதுச் செய்திகள் மட்டும் சேர்ந்திருந்தால், அந்த டேக்கையே எடுத்துவிடுங்கள். கூலி, ரேஷன் செய்திகளுக்கு 'புலம்பெயர் தொழிலாளர்' என்று வேறு டேக் போதும். கைதுச் செய்திகளை அங்கே கொண்டுவந்து கொட்டாமல் இருந்தால் சரி.